சேற்றுக்குப் பயந்து ரத்தான பயணம்: தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் அவர்களுக்கும், செயலவை உறுப்பினர்களுக்கும், தலைமையாசிரியர் அவர்களுக்கும்,

போன செவ்வாய்க்கிழமை என் பேத்தி புத்தகப் பையிலிருந்து எடுத்து நீட்டிய சுற்றறிக்கையை மூன்று தடவை படித்தேன். "மாணவர்களின் பாதுகாப்பையும் சுகாதாரத்தையும் கருத்தில் கொண்டு" கடலோரச் சேற்றுக் காடான கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்காவுக்கான ஆறாம் வகுப்புப் பயணம் இவ்வாண்டு முதல் நிறுத்தப்படுகிறதாம். அதற்குப் பதிலாக நீர் விளையாட்டுப் பூங்கா. ஆளுக்கு 98 வெள்ளி (ரிங்கிட்). விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கலாம். ஏன் நிறுத்தினீர்கள், யார் கூடி முடிவெடுத்தீர்கள், எந்தப் பெற்றோரைக் கேட்டீர்கள் என்று அதில் ஒரு வரி இல்லை.

பதினாறு வருஷம் அந்தப் பயணத்துக்கு பஸ் ஓட்டியவன் நான். அதற்கு முன் தோட்டத்து லாரி ஓட்டினேன், அதற்கும் முன் செம்பனைக் காட்டில் குலை வெட்டினேன். இப்போது செயலவையில் இருப்பவர்களில் இரண்டு பேர் என் பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து தகரத்தைத் தட்டிப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தவர்கள். பெயர் சொல்ல மாட்டேன். அவர்களுக்கே தெரியும். அதனால் இந்தக் கடிதத்தில் கொஞ்சம் உரிமை எடுத்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"விரும்புகிறவர்கள்" என்ற சொல்லிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஆறாம் வகுப்பில் 23 பிள்ளைகள். நேற்று வரை பெயர் கொடுத்தவர்கள் 9 பேர். மற்ற 14 பேருக்கு விருப்பம் இல்லையா? தோட்டத்து லய வரிசை வீட்டிலிருந்து தாமான் குடியிருப்புக்கு வந்து கடன் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டில், மூன்று பிள்ளைகள் படிக்கிற வீட்டில், 98 வெள்ளி என்பது விருப்பத்தைப் பொறுத்த காரியம் இல்லை. கோல சிலாங்கூர் பயணத்துக்கு நாம் வாங்கியது 20 வெள்ளி. அதில் பஸ், காலை நாசி லெமாக், மைலோ எல்லாம் அடக்கம். கொடுக்க முடியாதவர்களுக்குக் கோயில் கமிட்டியும் கடைக்காரர்களும் போட்டுவிடுவார்கள். பதினாறு வருஷத்தில் காசில்லை என்று ஒரு பிள்ளையும் பின்தங்கியது கிடையாது. இந்த வருஷம் 14 பேர் வகுப்பில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருப்பார்கள். மறுநாள் மற்ற 9 பேர் சொல்கிற கதையை வேறு கேட்க வேண்டும்.

சரி, காரணத்துக்கு வருவோம். சுற்றறிக்கை சொல்லாவிட்டாலும் வாட்ஸ்அப் குழுவில் எல்லாம் வந்துவிட்டது. மூன்று புகார். குரங்கு ஒரு பிள்ளையின் பொட்டலத்தைப் பிடுங்கியது. ஒரு பையனின் சப்பாத்து சேற்றில் போனது. மூன்றாவது, "அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை."

முதல் இரண்டும் நடந்தவை, மறுக்கவில்லை. சப்பாத்து விஷயத்தில் தப்பு என்னுடையது. பலகைப் பாதையை விட்டு இறங்காதே என்று சொல்ல வேண்டியவன், "ஒரு அடிதானே, போய்ப் பார்" என்று விட்டேன். முழங்கால் வரை போய்விட்டான். காலைப் பிடுங்கியபோது கால் மட்டும்தான் வந்தது. அவன் அம்மாவிடம் அன்று சாயங்காலமே நேரில் போய்ச் சொன்னேன். சப்பாத்து வாங்கிக் கொடுத்தேன். அந்த அம்மா என்னைக் கோபித்துக்கொண்டார், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் என் கவனக்குறைவுக்கு அடுத்து வரும் பிள்ளைகளுக்கெல்லாம் தண்டனை என்பது என்ன கணக்கு?

குரங்கு விஷயத்தில் பூங்காவையும் மலையையும் குழப்பிக்கொள்கிறோம். பொட்டலம் பறிபோனது பூங்காவுக்கு மேலே இருக்கும் புக்கிட் மலாவத்தியில், வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில். அங்கே இரண்டு வகைக் குரங்கு உண்டு. ஒன்று, வால் நீண்ட பழுப்புக் குரங்கு. மலாய்க்காரர்கள் கெரா என்பார்கள், நம் தோட்டத்திலும் உண்டு. பிளாஸ்டிக் பையின் சலசலப்பு கேட்டாலே வந்துவிடும். மற்றது லோத்தோங், சாம்பல் பூசின மாதிரி இருக்கும் இலைதின்னிக் குரங்கு. அது சாது. பிடுங்கியது கெரா. சாப்பாட்டை பஸ்ஸிலேயே வைத்துவிட்டு இறங்கச் சொல்லிப் பதினைந்து வருஷமாக நான் கத்திக்கொண்டிருந்தேன். போன வருஷம் பை பையாகப் பலகாரம் கொடுத்து மலையேற்றியது யார் என்று நான் கேட்கவில்லை.

அந்த லோத்தோங்கைப் பற்றிக் கொஞ்சம் எழுதியே ஆக வேண்டும். தாய் சாம்பல் நிறம், குட்டியோ பளிச்சென்று ஆரஞ்சு நிறம். சாமிக்குச் சார்த்தின சந்தனத்தோடு குங்குமம் குழைந்த மாதிரி ஒரு நிறம். சில மாதத்தில் அந்த நிறம் போய் அதுவும் சாம்பலாகிவிடும். ஒரு தடவை ஒரே குட்டி நாலு பெண் குரங்கு மடி மாறியதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். பெற்றவள் பக்கத்துக் கிளையில் நிம்மதியாகக் கொழுந்து தின்றுகொண்டிருந்தாள். எங்களோடு வந்திருந்த ஒரு பாட்டி, "அட, ஆயாக் கொட்டகை நடத்துதுங்க" என்றார். பிள்ளைகளுக்கு ஆயாக் கொட்டகை என்றால் என்னவென்று தெரியவில்லை. அம்மாக்கள் இருட்டோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனதும், கைக்குழந்தைகளைத் தூளியில் போட்டு ஓர் ஆயா பார்த்துக்கொண்ட கதையைப் பாட்டி அங்கேயே, வேர் மேல் உட்கார்ந்துகொண்டு, அரைமணி நேரம் சொன்னார். அப்படி ஒரு வரலாற்றுப் பாடத்தை எந்த வகுப்பறையிலும் நான் கேட்டதில்லை.

2008ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் இந்தக் குரங்கைத் தனி இனமாகப் பிரித்து, அதன் அறிவியல் பெயரிலேயே சிலாங்கூரைச் சேர்த்தார்கள். மாடு மாதிரி அறை அறையாகப் பிரிந்த வயிறு அதற்கு. இலையை அதற்குள் புளிக்க வைத்துத்தான் சீரணிக்கும். ரொட்டியும் இனிப்பும் போட்டால் அந்த வயிறு கெட்டுப்போகும். பாசத்தில் போடுகிறவர்களுக்கு இது தெரியாது. தெரிந்துகொண்ட பிள்ளை தன் அப்பாவின் கையைப் பிடித்துத் தடுக்கும். இதை ஒரு முறை கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இனி அந்த மூன்றாவது புகார். பார்க்க ஒன்றுமே இல்லை. உண்மையைச் சொன்னால் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது இந்த ஒரு வாக்கியம்தான்.

போன வருஷம் என்ன நடந்தது என்று நினைவுபடுத்துகிறேன். காலை ஆறரைக்குக் கிளம்ப வேண்டிய பஸ். பிரமுகர் வந்து வழியனுப்ப வேண்டும் என்று நிறுத்தி வைத்தீர்கள். அவர் வந்து, பேசி, பதாகையைப் பிடித்துப் படம் எடுத்து முடிக்க மணி ஒன்பதே முக்கால். ஈஜோக், அசாம் ஜாவா வழியாகப் போய்ச் சேர்ந்தபோது பத்தே முக்கால். கடல் நீர் மேலேறி, காட்டுக்குள் வேர் தெரியாமல் நிரம்பியிருந்தது. உச்சி வெயில். பறவையெல்லாம் நிழலுக்குப் போய்விட்டது. பிள்ளைகள் தண்ணீருக்கு மேல் ஒரு பலகையில் நடந்தார்கள், வியர்த்தார்கள், கொசு கடித்தது, திரும்பினார்கள். அந்த நேரத்தில் போனால் பார்க்க ஒன்றும் இருக்காதுதான். மத்தியானக் காட்சிக்கு டிக்கெட் வாங்கிவிட்டு நடுராத்திரி போய் நின்றால் திரையில் என்ன தெரியும்?

மலாக்கா நீரிணைக் கரையில் நாளுக்கு இரண்டு முறை நீர் ஏறும், இரண்டு முறை வற்றும். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிஷம் தள்ளிப்போகும். அமாவாசை பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றுவதும் அதிகம். ஆண்டு முழுவதற்கும் இதற்கு அட்டவணை உண்டு. மீன்பிடிக்கிறவர்கள் அதைப் பார்க்காமல் படகை அவிழ்க்க மாட்டார்கள். நான் ஒவ்வொரு வருஷமும் அந்த அட்டவணையைப் பார்த்துத்தான் தேதி சொல்வேன். போன வருஷம் தேதியை முடிவு செய்தது பிரமுகரின் நாட்குறிப்பு.

நீர் வற்றுகிற காலையில் போனால் நடப்பது வேறு. முதலில் கேட்பது சத்தம். சேறு முழுக்க 'டக் டக்' என்று யாரோ விரல் சொடுக்குகிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் கண் பழகும். சேற்றில் பென்சிலைக் குத்தி வைத்த மாதிரி ஆயிரக்கணக்கில் வேர் மேல்நோக்கி நிற்கும். அது ஆப்பி ஆப்பி மரம் மூச்சு விடுகிற வேர். சேற்றுக்குள் காற்று இல்லை, அதனால் மூக்கை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. முன்பு அங்கே வழிகாட்டியாக இருந்த ஒரு மலாய்க்காரப் பெரியவர் அதன் இலை ஒன்றைப் பறித்துத் திருப்பிக் காட்டி, "நாக்கால் தொட்டுப் பாருங்கள்" என்பார். உப்பு கரிக்கும். வேர் வழியாக உள்ளே வந்த கடலுப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடுகிற மரம் அது. தமிழ்நாட்டில் பிச்சாவரத்தில் நிற்பதும் இதே சாதி மரங்கள்தான். கண்டல் என்று நம் பழைய பாட்டில் வருகிற நெய்தல் நிலத்துக் காடு இது. தமிழாசிரியர்கள் ஐந்திணை நடத்தும்போது கரும்பலகையில் "நெய்தல், கடலும் கடல் சார்ந்த இடமும்" என்று எழுதுகிறார்கள். ஒரு மணி நேரத்தில் போய்த் தொட்டுப் பார்க்கக்கூடிய தூரத்தில் அது நிற்கிறது.

பிள்ளைகளுக்கு மரத்தைவிட நண்டுதான் பிடிக்கும். ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவு பெரிதாக இருக்கும். வளை வாசலில் நின்று அதை மேலே தூக்கித் தூக்கி ஆட்டும், பெண்ணைக் கூப்பிட. ஒரு வருஷம் ஒரு பையன், "இது எங்க தாத்தா சொல்ற மண்டோர் மாதிரி. ஒரு வேலையும் செய்யாம கையை மட்டும் ஆட்டுது" என்றான். மண்டோர் என்றால் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற மேற்பார்வையாளர். அன்று முழுக்க அந்த நண்டுக்கு அதுவே பெயர். பெலாச்சாக் என்கிற சேற்றுமீன் அதைவிட வேடிக்கை. மீன்தான், ஆனால் தண்ணீர் வற்றினால் வெளியே வந்து துடுப்பை ஊன்றித் தத்தித் தத்திப் போகும், வேரில் ஏறும், சண்டை போடும். செவுளுக்குள் கொஞ்சம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஈரமான தோல் வழியாகவும் மூச்சு விடுகிறது. செப்டம்பரிலிருந்து மார்ச் வரை போனால், வடக்கே சைபீரியா வரையிலிருந்து குளிருக்குத் தப்பி வந்த கரைப் பறவைகள் அந்தச் சேற்றில்தான் மேய்ந்துகொண்டிருக்கும். கருடன் என்று நாம் கன்னத்தில் போட்டுக்கொள்கிற செம்பருந்து தலைக்கு மேலே வட்டமிடும். பிள்ளைகளுக்கு முன்னால் பஸ் டிரைவர் கன்னத்தில் போட்டுக்கொள்வதைப் பார்த்து ஆசிரியை ஒருவர் சிரித்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

சிலாங்கூர் அரசும் மலேசிய இயற்கைக் கழகமும் 1987இல் அந்தப் பூங்காவைத் தொடங்கின. அதற்கு மேலே இருக்கும் மலையோ அதைவிடப் பழைய கதை. சிலாங்கூர் சுல்தான்களின் கோட்டை இருந்த மலை அது. 1784இல் டச்சுக்காரர்கள் அதைப் பிடித்து, தங்கள் கவர்னர் ஜெனரல் பெயரில் ஆல்திங்ஸ்பர்க் என்று பெயர் வைத்தார்கள். சுல்தான் இப்ராஹிம் மறு வருஷமே பகாங்கின் உதவியோடு அடித்துத் துரத்திவிட்டார். டச்சுக்காரன் வைத்த பெயர் மட்டும் இன்றும் அங்கே உள்ள கலங்கரை விளக்கத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கலங்கரை விளக்கத்தைக் கட்டியது 1907இல். முதல் மூன்று சுல்தான்களின் சமாதியும் அங்கேதான். நான்காம் வகுப்பிலிருந்து நம் பிள்ளைகள் வரலாறு படிக்கிறார்கள், பீரங்கியைத் தொட்டுப் பார்க்க ஒரு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்தால் போதும்.

என் தாத்தா ரஜூலா கப்பலில் வந்து போர்ட் சுவெட்டன்ஹாமில், அதாவது இன்றைய போர்ட் கிள்ளானில், இறங்கியவர். கரை நெருங்கும்போது வீடோ தோப்போ தெரியவில்லை, கறுப்புக் கோடு மாதிரி ஒரு காடுதான் தெரிந்தது என்று சொல்வார். அது இந்தக் காடுதான் என்று எனக்கு நாற்பது வயதுக்குப் பிறகு, அந்தப் பலகைப் பாதையில் நின்றபோதுதான் புரிந்தது. அப்போதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகளிடம் இதைச் சொல்வேன். கேட்டார்களா என்பது வேறு விஷயம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது கொஞ்சம் கசப்பான விஷயம். நம் பட்டணத்தைத் தொட்டுக்கொண்டு ஓடும் சிலாங்கூர் ஆறு கடலில் கலப்பது அங்கேதான். கலப்பதற்குச் சற்று முன்னால் கம்போங் குவாந்தானில், கரையோர பெரெம்பாங் மரங்களில், ராத்திரி மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னும். அதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். மின்மினியின் புழு கரை ஓரத்து ஈர மண்ணில் சிறு நத்தைகளைத் தின்று வளர்கிறது. கரையை வெட்டினால் நத்தை இல்லை, நத்தை இல்லாவிட்டால் மின்மினி இல்லை.

என் மனைவி பல வருஷம் தோட்டத்தில் மருந்தடித்தவள். முதுகில் டின், கையில் குழல். அவள் அடித்தது பராகுவாட் என்கிற களைக்கொல்லி. 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து அரசாங்கம் அதற்குத் தடை போட்டது. அவள் நகங்கள் அதற்கு ரொம்ப காலம் முன்பே போய்விட்டன. டின்னைக் கழுவிய தண்ணீரைக் கால்வாயில்தான் ஊற்றுவார்கள். கால்வாய் ஆற்றுக்கு, ஆறு அந்தச் சேற்றுக்கு. இதை ஒரு தடவை பூங்காவில் வைத்துப் பிள்ளைகளிடம் சொன்னேன். ஒரு பெண் பிள்ளை, "அப்போ நம்ம ஊர் தண்ணிதான் மீன் குடிக்குதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் இப்போது வேதியியல் படிக்கிறாள். நான் சொன்னதால்தான் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் கேள்வி நீர்ச் சறுக்கு மரத்தில் ஏறினால் வராது.

நீர் விளையாட்டுப் பூங்காவுக்கு நான் விரோதி இல்லை. என் பேத்தியை நானே கூட்டிப்போயிருக்கிறேன், நானும் சறுக்கினேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. குடும்பத்தோடு எப்போது வேண்டுமானாலும் போகலாம். ஆனால் பள்ளி என்ற பெயரில், எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்து, சொல்லிக் கொடுக்க ஆள் வைத்துப் போகிற பயணம் ஆறு வருஷத்தில் ஒன்றே ஒன்றுதான் நமக்கு இருந்தது. பெரிய பள்ளிகளுக்கு முகாம் உண்டு, கிளப் உண்டு, வெளிநாட்டுப் பயணம்கூட உண்டு. நமக்கு இது ஒன்றுதான்.

ஆகவே நான் கேட்பது இவைதான்.

ரத்து முடிவை அமல்படுத்தாமல் நிறுத்தி வையுங்கள். இம்மாத இறுதிக்குள் ஆறாம் வகுப்புப் பெற்றோர் அனைவரையும் கூப்பிட்டு ஒரு கூட்டம் வைத்து அவர்களிடம் கேளுங்கள். கூட்டத்தை மாலை ஏழுக்கு மேல் வையுங்கள், காட்டு வேலைக்கும் ஃபேக்டரிக்கும் போகிறவர்கள் வர முடியும். அந்த 14 பிள்ளைகளின் வீட்டிலிருந்து ஒருவர்கூட வராத கூட்டத்தில் எடுக்கிற முடிவை முடிவென்று சொல்லாதீர்கள். நீர் விளையாட்டுப் பயணம் வேண்டுமென்றால் அதைச் சங்கத்தின் குடும்ப தினமாக வையுங்கள், பள்ளிப் பயணமாக வேண்டாம்.

பயணம் மறுபடியும் நடந்தால், தேதியை நீர் அட்டவணை பார்த்து வைக்க வேண்டும். காலை ஆறரைக்கு பஸ் கிளம்ப வேண்டும். வழியனுப்ப யாரும் வர வேண்டாம், வந்தால் ஆறேகாலுக்கு வரட்டும். சாப்பாட்டுப் பை எதுவும் மலையில் இறங்கக் கூடாது. பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர், பலகைப் பாதையை விட்டு யாரும் இறங்கக் கூடாது என்பதை எழுத்தில் போட்டு என்னிடமும் கையெழுத்து வாங்குங்கள். பழைய சப்பாத்து, நீளக் கால்சட்டை, கொசுத் தைலம் என்று ஒரு வாரம் முன்பே வீட்டுக்குத் தாள் அனுப்புங்கள். முடிந்தால் தமிழாசிரியர் ஒருவரும் அறிவியல் ஆசிரியர் ஒருவரும் கூட வரட்டும்.

நவம்பரில் எந்தெந்தக் காலையில் நீர் வற்றியிருக்கும் என்று குறித்து வைத்திருக்கிறேன். அந்தத் தாளைக் கூட்டத்துக்குக் கொண்டு வருகிறேன். பஸ்ஸுக்கு டீசல் காசு மட்டும் போதும், ஓட்டுகிற கூலி இந்த வருஷம் எனக்கு வேண்டாம். சேறு பஸ்ஸுக்குள் வந்தால் கழுவுவது என் பாடு.

இப்படிக்கு,
உங்கள் பள்ளி பஸ் ஓட்டுநர்